ஒரே சிரட்டைத் தடை உத்தரவு

பிஜித் தீவுகளில் இருமல் காய்ச்சல் பரவுவதை முன்னிட்டு, இனி யாரும் ஒரே தேங்காய்ச் சிரட்டையில் காவா என்ற வேர்ப் பானத்தைக் குடிக்கலாகாது என்று தலைநகர் சுவாவிலிருந்து மேன்மை பொருந்திய உத்தரவு ஒன்று புறப்பட்டது. மாவட்ட அதிகாரி இலிசோனி அதை ஊர் ஊராகப் போய் அறிவிக்க வேண்டும். காவா இல்லாத அறிவிப்பை எந்த ஊரும் மதிக்காது. ஆகவே முதல் ஊரில் காவா கரைத்தார்கள். ஒரே சிரட்டை வட்டமாகச் சுற்றியது. அதன்பின் உத்தரவு வாசிக்கப்பட்டது.

"முதல்ல வாசிச்சிட்டு அப்புறம் குடிக்கலாமே ஐயா?" என்றாள் கூடப் போயிருந்த நர்ஸ் செரைமா.

"குடிக்காம வாசிச்சா செல்லாதும்மா."

"அப்ப ஆளுக்கொரு சிரட்டை?"

"நாங்க என்ன ஜென்மப் பகையாளிங்களா?" இலிசோனி இருமினார். "வேணும்னா ஆளாளுக்குச் சிரட்டையைக் கொஞ்சம் திருப்பிக் குடிக்கட்டும்."

"சிரட்டை வட்டம் ஐயா. சுத்தி நீங்க வாய் வெச்ச எடத்துக்கே வந்துடும்."

"அதுக்குள்ள கிருமிக்குப் பொறுமை போயிடும்."

உத்தரவும் காய்ச்சலும் ஒரே படகில் பயணம் செய்தன. சுவாவில் வரைபடம் பார்த்தவர்கள், காய்ச்சல் கண்ட ஊருக்கெல்லாம் இலிசோனி தவறாமல் போயிருப்பதைக் கண்டு மெச்சினார்கள்.

செரைமாவின் ஊர் நவுலி மட்டும் மிச்சம். சனிக்கிழமை ரக்பி இறுதி ஆட்டம். நவுலி இறுதிவரை வந்ததே முதல் தடவை. அவள் தம்பி தொமாசிதான் அணித்தலைவன். அதனால் அவள் முன்னதாகவே ஊர் திரும்பி, படகுத் துறையில் நின்று, வந்த படகையெல்லாம் விரட்டினாள். ஊரில் ஒரு தும்மல் இல்லை.

இந்தச் சாதனைக்கு அரசு அவளுக்கு விருது அறிவித்தது. வியாழனன்று இலிசோனி விருதோடு வந்தார்.

"அதை மணல்ல வெச்சிட்டுப் போயிடுங்க ஐயா!"

"மரியாதை பண்ண வந்தவரைத் தண்ணியில நிக்க வெப்பியாக்கா? ஊரு சிரிக்கும்," என்றான் தொமாசி.

காவா கரைத்தார்கள். இலிசோனி குடித்தார், தும்மினார். அடுத்த முறை விருதுக்காரிக்கு. ஊரே பார்த்தது. செரைமா வழக்கப்படி கைதட்டிவிட்டு, சிரட்டையைச் சற்றுத் திருப்பிக் குடித்தாள். அடுத்து தொமாசி.

சனிக்கிழமை நவுலி அணி பந்தைவிட நெஞ்சைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டது. எதிரணியோ முதலில் காய்ச்சல் கண்டு முதலில் தேறிய ஊர்; அது அபாரமாக வென்றது. உத்தரவை உடனே பெற்ற ஊரின் ஆரோக்கியத்தைப் பாருங்கள் என்றார் மந்திரியோடு ஆட்டம் பார்க்க வந்திருந்த சுவாவின் பெரிய அதிகாரி.

உத்தரவுக்குப் பணிந்து அன்று ஒருவரும் சிரட்டையைத் தொடவில்லை. வெற்றிக் கோப்பையிலேயே காவாவை ஊற்றினார்கள். தோற்றவர், ஜெயித்தவர், நடுவர் என்று ஆளுக்கொரு வாய்.

"பாத்தியாம்மா, ஒரு சிரட்டை இருக்கா?" என்று செரைமாவிடம் பெருமையாகக் கேட்ட பெரிய அதிகாரி, தன் வாயைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை மந்திரியிடம் நீட்டினார்.