ஒரு மில்லிமீட்டர் குறைந்த வளையம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே என் கழுத்து நீங்கலாக அனைவரும் சுகம். அங்கே தாங்களும் என் மகளும் கழுத்து உட்பட சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் அண்ணன் காலமாகும் முன் நான் எடுத்த போட்டோவை ஏன் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டவில்லை என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். பிலிம் கெட்டுப்போய்விட்டது என்றேன். அது பொய். பக்கத்தில் உங்கள் அத்தை நின்றிருந்தாள், வேறு வழியில்லை. உண்மையை இதில் எழுதுகிறேன். இதை என் மகளிடம் சொல்ல வேண்டாம். பெரியப்பா என்றால் அவளுக்கு உயிர், தாங்கமாட்டாள்.

என் பழைய கேமரா செத்தபிறகு அதன் பெரிய லென்ஸ் சும்மா கிடக்கிறதே என்று நான் புலம்பியதைக் கேட்டு, அதை என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் பொருத்த ஒரு வளையம் வாங்கி அனுப்பினீர்கள். தங்கள் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் எடை, அளவு ஆய்வாளராகக் கடைகடையாய் ஏறி இறங்கியவன் நான், ஆகையால் முதல் வேலையாக எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்தேன். கேமரா ஐந்நூற்று எண்பது கிராம், லென்ஸ் தொள்ளாயிரத்து இருபது. பிள்ளையைவிடப் பிள்ளையின் மூக்கு கனம். கழுத்தில் மாட்டினால் அது தரையைப் பார்த்துத் தொங்கும். செருப்பு வாரை மாட்டக் குனிந்தேன், ஆடி வந்து தாடையில் ஒரு போடு போட்டது. முக்காலியில் நிறுத்தினால் முக்காலியோடு குப்புற விழுந்து, உங்கள் அத்தை நாலு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தக்காளிச் செடியை நசுக்கியது. கழுத்துவலிக்கு டாக்டரிடம் போனேன். என்ன தூக்குறீங்க என்றார், காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதுக்கு என்று கேட்டார்.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஓரத்தில் ஒரு குட்டி ஜன்னல் உண்டு, அதில் ஆள் இரண்டாகத் தெரிவார், லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். இந்த லென்ஸை மாட்டினாலோ, தன்மேல் ஒரு லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. எவ்வளவு திருகினாலும் அந்த இரண்டு பேரும் ஒன்றுசேர மாட்டார்கள். போதாததற்கு லென்ஸின் பருமன் ஜன்னலின் வலது கீழ்மூலையை அடைத்துக்கொள்ளும். ஆகவே டேப் வைத்துத் தூரத்தை அளந்து, லென்ஸில் அந்த எண்ணைத் திருப்பி வைத்து எடுப்பது என்று முடிவு செய்தேன். அளப்பதுதானே என் பிழைப்பு.

அண்ணன் அண்ணியோடு வீட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன். சொந்தக் கல்யாணப் படத்திலேயே அவருடைய காதுதான் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் காப்பியைக் குடித்துவிட்டு, “என்னை ஒண்ணு எடுடா” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன லென்ஸிலேயே எடுங்களேன் என்று உங்கள் அத்தை சொன்னாள், கெட்ட நேரம், கேட்கவில்லை. பெரிய லென்ஸில் முகம் எடுத்தால் எப்படி வரும் என்று அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்கிற வீம்பு. அதற்கு நாலு மீட்டர் வேண்டும், கூடத்தில் அவ்வளவு இடமில்லை. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் மூக்கிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே வாசலைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போனேன். மேல்வீட்டு அம்மாள் காய்கறிப் பையோடு டேப்புக்கு அடியில் குனிந்து போனார். மூக்கில் டேப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. நாற்பது வருடமாக நான் பார்க்காத சிரிப்பு. மூன்று படம் எடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் நாலு நாள்தான் இருந்தார். ரொம்ப நாளாக உள்ளே இருந்த வியாதி என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு வியாதி என்றே தெரியும்.

பேப்பரில் போட நல்ல படம் இருக்கிறதா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டூடியோவுக்கு ஓடினேன். மூன்று படத்திலும் அண்ணன் ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தார். கடைசியில் அவருடைய அலுவலக அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். அதில் அவர் ஏதோ விசாரணைக்கு வந்தவர் மாதிரி இருப்பார், தாங்களும் பார்த்தீர்கள்.

கேமரா மெக்கானிக்கிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் வளையத்தைக் கழற்றி அளந்து, “ஒரு மில்லிமீட்டர் கம்மி சார். நீங்க நாலு மீட்டர் வச்சா அது அஞ்சு மீட்டர்ல போய் நிக்கும்” என்றார். குறைந்த எடைக்கல்லும் குட்டையான முழக்கோலும் வைத்திருந்த எத்தனையோ பேரைப் பிடித்தவன், என் வீட்டுக்கு வந்த வளையத்தை எடை போட்டேனே தவிர அளந்து பார்க்கவில்லை.

அஞ்சு மீட்டரில் என்ன இருந்தது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். படத்தின் வலது கீழ்மூலையில், அண்ணனுக்குப் பின்னால், உள்ளறை வாசலில் குட்டை ஸ்டூல் போட்டு அண்ணி உட்கார்ந்திருந்தார். லென்ஸ் அடைத்த மூலை என்பதால் எடுக்கும்போது எனக்குத் தெரியவில்லை. கண்ணிமை வரை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குலுங்குகிற அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முகத்தை எழுத எனக்கு வராது மாப்பிள்ளை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் பார்த்தேனே, அதே முகம். ஆனால் இது பத்தொன்பது நாள் முந்தி.

ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா அண்ணி என்று கேட்டேன்.

“அதுக்கு நாலு மாசம் முன்னாடியே தெரியும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டார். அவர் எதிர்ல இருந்தா முகத்தை ஒழுங்கா வச்சுக்கணும். அன்னைக்குப் பின்னாடிதானே உட்கார்ந்தோம், யார் பார்க்கப் போறான்னு கொஞ்சம் விட்டுட்டேன்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அண்ணி படத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். சாப்பிட்டேன்.

ஆகவே அந்தப் படம் மாட்டப்படாது. வளையத்தைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், தவறாக எண்ண வேண்டாம். அண்ணி காத்த ரகசியத்தை நான் தங்கள் ஒருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறேன். தங்களோடு இருக்கட்டும். தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல், நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். வியாதி தெரிந்த முதல் வாரமே அண்ணி அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள், என் மகள் தங்களிடம். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உங்க அண்ணன்தான் வேண்டாம்னார். அவனுக்கு முகத்தை வச்சுக்கத் தெரியாது, தெரிஞ்சா அவன்கூட உட்கார்ந்து நான் சிரிக்க முடியாதுன்னார்” என்றாள். ஆகவே மேலே உள்ளதில் பெரும்பாலானவை தங்களுக்கு முன்பே தெரிந்தவை. எழுதிவிட்டதால் அனுப்புகிறேன்.