அந்தப் பச்சை வண்டி மட்டும் வேண்டாங்க

கோபாலசாமி அந்த வெள்ளைக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். வேட்டிக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“எந்திரிச்சு வாங்க. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க” என்றாள் அவர் மனைவி வெங்கடலட்சுமி.

“துரு இருக்குதான்னு பாக்கறேன்.”

“இருக்குதா?”

“ஒண்ணுமே இல்ல.” குரலில் கவலை இருந்தது. “அதுதான் இடிக்குது.”

அவிநாசி ரோட்டில் பழைய கார் விற்கும் செங்கோட்டையன் பக்கத்தில் பொறுமையாகக் கைகட்டி நின்றார். “டாக்டரம்மா ஒருத்தர் ஓட்டுன வண்டிங்க. ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமா போயிட்டு வந்ததுங்க.”

கோபாலசாமி தலையை மட்டும் வெளியே நீட்டினார். “நல்ல வண்டியா இருந்தா அந்தம்மா எதுக்கு வித்தாங்க?”

“புது வண்டி வாங்கிட்டாங்க.”

“இது நல்லா இருந்தா புதுசு எதுக்கு?”

செங்கோட்டையன் துண்டை எடுத்துக் காரின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கோபாலசாமி ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸைக் கவனித்துக்கொள்பவர். வருகிற சரக்கையெல்லாம் வருஷக்கணக்காகச் சந்தேகத்தோடு பார்த்து, அந்தப் பார்வை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டால், இதில் ஏன் யாரும் உட்காரவில்லை என்று யோசித்தபடியே இறங்கும் இடம்வரை நின்றுகொண்டு வருவார். தக்காளிக்காரி கொசுறாக ஒரு பழம் போட்டால் அதைத் தனியாக எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

இப்போது அவசரமாகக் கார் வேண்டியிருந்தது. மகன் கிஷனுக்கு உடுமலைப்பேட்டையில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அழகிரிசாமி தேங்காய் மண்டிக்காரர். அவர் வீட்டு வாசலில் பஸ்ஸில் கசங்கிப்போய் இறங்க கோபாலசாமிக்கு மனம் வரவில்லை.

எழுந்து வேட்டியைத் தட்டியபோது, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இன்னொரு கார் அவர் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் பச்சை நிறம் தெரிந்தது.

“அது என்ன?”

செங்கோட்டையன் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். “அந்தப் பச்சை வண்டி மட்டும் வேண்டாங்க. இன்னைக்கு ஓடும், நாளைக்கு நின்னுபோடும். குடும்பஸ்தருக்கு அதைக் குடுத்துப்போட்டு நான் எப்படிங்க நிம்மதியாத் தூங்கறது?”

கோபாலசாமி மனைவியை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். “பாத்தியா? தன் சரக்கு சரியில்லைன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்லுவானா? வேற ஆருக்கோ ஒதுக்கி வெச்சிருக்கான்.”

“நெசமாவே சரியில்லாம இருந்தா?”

“அப்புறம் எதுக்குத் தார்ப்பாய் போட்டுப் பொத்திப் பொத்தி வெக்கறான்?”

செங்கோட்டையன் கெஞ்சிப் பார்த்தார். “அம்மணி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க” என்று வெங்கடலட்சுமியிடமும் முறையிட்டார். அவர் கெஞ்சக் கெஞ்ச கோபாலசாமிக்கு உறுதி கூடியது. கடைசியில் சாவியைக் கொடுக்கும்போது, “நாளைக்கு என்னையக் குத்தம் சொல்லப்படாதுங்க” என்று செங்கோட்டையன் தழுதழுத்தார். கோபாலசாமி வெற்றிப் புன்னகையோடு பச்சைக் காரில் ஏறினார்.

பீளமேட்டில் வீட்டுத் தெருவுக்குள் இடது பக்கம் திரும்பியதும் ஹாரன் தானாக அடித்தது. கார் நேரானதும் சத்தம் நின்றது. மறுபடி இடது பக்கம் திருப்பினார். மறுபடி அடித்தது.

“திரும்பும்போது அடிக்கறது நல்லதுதானே” என்றார். ஆனால் அன்று மாலையே கோட்டைமேட்டு மெக்கானிக் ரசாக்கிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

ரசாக் பானெட்டைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். “ஒயரை எல்லாம் ஆரோ மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க சார். ரெண்டு நாள் வண்டியை உட்டுட்டுப் போங்க. மொத்தமாப் பிரிச்சுச் சரி பண்ணிடறேன்.”

தான் இல்லாதபோது எதற்குப் பிரிக்க வேண்டும்? கோபாலசாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ரசாக் ஒரு திருகாணியைக் கழற்றினால், “அது எங்க போகுது?” என்பார். ரசாக் டீ குடிக்க எழுந்தால் கூடவே எழுந்து அவர் சட்டைப்பையைப் பார்ப்பார்.

இரண்டு மணி நேரத்தில் ரசாக் கையைத் துடைத்துக்கொண்டார். “சார், நீங்க பாக்கப் பாக்க எனக்கே என் மேல சந்தேகம் வருது. பாதி வேலைதான் ஆச்சு. காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க.”

இடது பக்கம் திரும்பினால் இப்போது ஹாரன் அடிக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.

“வேணும்னே பண்ணிவிட்டான்” என்று கோபாலசாமி வீட்டிலேயே ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டார். வைப்பர் நின்றது. ஹாரனும் சுத்தமாகச் செத்துப்போனது.

“அப்பா, ஹாரன் இல்லாம உடுமலை ரோட்டுல போக முடியாது” என்றான் கிஷன். பிடுங்கிய ஒயரைத் தோதாகத் தெரிந்த ஓர் இடத்தில் சொருகினார். ஹாரன் அடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ரசாக் மாற்றுச்சாவி செய்து வைத்திருப்பானோ என்ற யோசனை வந்து, நான்கு கதவுக்கும் புதுப் பூட்டு மாட்டினார். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும். நான்குக்கும் சேர்த்து ஒரே சாவி. அது அவர் இடுப்பில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குக் கிளம்பினார்கள். பொள்ளாச்சி தாண்டும்வரை கார் முனகாமல் ஓடியது. “சொன்னனா இல்லையா?” என்று கோபாலசாமி மூன்று தடவை சொன்னார்.

அழகிரிசாமியின் தெரு இடது பக்கம் இருந்தது.

காரைத் திருப்பியதும் ஹாரன் அடிக்கத் தொடங்கியது. கார் நேரானது, ஹாரன் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைக் குத்தினார், நிற்கவில்லை. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. பெண்வீட்டார் வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கார் வாசலில் நின்றது. யாரும் இறங்கவில்லை.

“வாங்க, வாங்க!” என்று கத்தினார் அழகிரிசாமி. “எறங்குங்க!”

“கதவு தொறக்காதுங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினார் கோபாலசாமி.

“சாவியைக் குடுங்க, நான் வெளிய இருந்து தொறக்கறேன்!”

சம்பந்தி ஆகப்போகிறவர்தான். இன்னும் ஆகவில்லையே. கோபாலசாமி சாவியைக் கொடுக்காமல், ஜன்னல் வழியாகத் தன் கையையே வெளியே விட்டு, குருட்டாம்போக்கில் பூட்டைத் தேடித் திருகினார். சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.

முதலில் பூத்தட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது. பிறகு பழத்தட்டு. பிறகு பட்டுப்புடவையோடு வெங்கடலட்சுமி. நான்கு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை குதித்துவிட்டான். கடைசியாக வந்த கோபாலசாமி பாதியில் மாட்டிக்கொண்டார். இடுப்புக்கு மேலே உடுமலையிலும் கீழே காருக்குள்ளும் இருந்தபடி அழகிரிசாமிக்குக் கும்பிடு போட்டார். அப்போதுதான் ஹாரன் நின்றது. அந்த அமைதியில் கல்யாணப்பெண் களுக்கென்று சிரித்தது தெரு முழுக்கக் கேட்டது. கிஷனும் சிரித்துவிட்டான்.

புறப்படும்போது அழகிரிசாமி தனியாகக் கூப்பிட்டார். “பொண்ணுக்குப் பையனைப் புடிச்சிருக்குதுங்க. ஆனா நிச்சயத்துக்கு இந்த வண்டியில வராதீங்க. இதுல பொண்ணை ஏத்தி அனுப்பறதுன்னா நான் மறுக்கா ரோசனை பண்ணோணுமுங்க.”

காரை ஒரு லாரியில் ஏற்றிவிட்டு பஸ்ஸில் திரும்பினார்கள். காலியாக இருந்த சீட்டில் கோபாலசாமி ஒன்றும் யோசிக்காமல் உட்கார்ந்தார்.

“அந்த மனுசன் வேண்டாம் வேண்டாம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாரு” என்றாள் வெங்கடலட்சுமி. “உங்களுக்கு நல்லது சொன்னாத்தான் ஆகாதே.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வருவது அவருக்குப் புதிதாக இருந்தது. இரவு முழுக்க அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

காலையில் பச்சைக் காரை இழுத்துக்கொண்டு மனைவியோடு போய்ச் செங்கோட்டையன் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

செங்கோட்டையன் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவில்லை. “போகுது உடுங்க. எல்லாரும் மனுசங்கதானுங்களே. இதை நானே எடுத்துக்கறேன். கொஞ்சம் மேல போட்டுக் குடுங்க, டாக்டரம்மா வண்டியை ஓட்டிட்டுப் போங்க. வேணும்னா மறுபடி அடியில படுத்துப் பாருங்க.”

கோபாலசாமிக்குக் கண் கலங்கியது. “வேண்டாங்க. நீங்க சொன்னா அது போதும்.”

வெங்கடலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். அவரோ கேட்டதைக் கொடுத்தார், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், செங்கோட்டையனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “உங்களைப்போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுப்போடுங்க” என்றார். அங்கே வேலை செய்யும் பழனியாத்தாள் காபி கொண்டுவந்தாள். முகர்ந்து பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தார்.

வெள்ளைக் கார் சத்தமில்லாமல் கிளம்பியது. மார்பில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. மனிதர்களை நம்புவது இவ்வளவு சுகமா என்று நினைத்தபடி, ரோட்டில் ஒரு பஸ் கடந்து போவதற்காக வாசல் கேட் அருகே காரை நிறுத்தினார்.

பின்னால், தார்ப்பாயை உதறி விரித்தபடி பழனியாத்தாள் முதலாளியிடம் கேட்டது திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெளிவாகக் காதில் விழுந்தது.

“ஏனுங்க, நம்ம பச்சை வண்டி மறுக்காவும் வந்துருச்சுங்களா? இந்தத் தடவை ஆருகிட்டங்க வேண்டாம் வேண்டாம்னு சொல்லி விக்கோணும்?”