நீலக்கை அக்காவின் நோயாளிகள்

எங்கள் லேஅவுட்டில் பேய்க்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. நீலக்கை அக்காவுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. மேனேஜரின் மேஜையைத் தட்டிப் பேசிய யூனியன்காரர்கள்கூட, அவர் வருவது தெரிந்தால் பாதி டீயோடு எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

சூளகிரிக்கு இந்தப் பக்கம், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தெரு. ஒரு பக்கம் லைன் வீடுகள், மறுபக்கம் காலி மனைகளும் ராகிக் கொல்லையும். எல்லா வீட்டுக்கும் பின்னால் நாலைந்து கோழிகள். அந்தக் கோழிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் அக்கா. ஐம்பதை நெருங்கிய ஒல்லியான பெண்மணி. பகலில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கையில் எப்போதும் நீல நிற ரப்பர் கையுறை, முகத்தில் மாஸ்க், சாம்பல் நிறப் புடவை. மார்கழிப் பனியில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது. இரண்டு நீலக்கைகள் மட்டும் தெருவில் மிதந்து வரும்.

பேசுவதும் காதோடு காதாகத்தான். சத்தமாகப் பேசினால் கோழி மிரளுமாம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். யார் மூத்தவர் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள், நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் கேட்டுக்கு வெளியே அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டபடி நின்றிருந்தார்.

"உங்க வீட்ல ஒருத்தி சரியில்லீங்கண்ணா" என்றார்.

"யாருங்க?"

"ஒரு கால அழுத்தி வெக்கிறா. ஒரு கால வெக்கவே மாட்டேங்கிறா. இப்பிடியே உட்டீங்கன்னா கால் போயிரும். அப்புறம் உசுரு."

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஒருத்தி என் மனைவி சுமதி. நான் ஷூவோடு உள்ளே ஓடினேன். அவள் அடுப்படியில் இரண்டு காலிலும் ஒழுங்காக நின்று பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"உன் காலுக்கு என்ன?" என்றேன்.

"வலிக்குதுன்னு போன மாசம் சொன்னேன். இப்பத்தான் காதுல உளுந்துச்சா?"

அதற்குள் பின்வாசல் பக்கமிருந்து எங்கள் செவலைக் கோழி நொண்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வைத்தியத்துக்கு வந்தார். கோழியின் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம். சிமென்ட் தரையில் எதிலோ கிழித்துக்கொண்டு, உள்ளே சீழ் பிடித்துக் கட்டியாகிவிட்டது என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்தார். பிறகு ஒரு கறுப்புத் துணியால் கோழியின் தலையை மூடி மல்லாக்கக் கிடத்தினார். எங்களோடு தமிழில் பேசுகிறவர் கோழியோடு தெலுங்கில்தான் பேசுவார். "ஏம் காது தல்லி, ஏம் காது" என்று முணுமுணுத்தார். ஒன்றும் ஆகாதும்மா என்று அர்த்தம்.

கோழி அடங்கிவிட்டது. அதுமட்டுமில்லை, கூட்டிலிருந்த மற்ற கோழிகளும் சத்தத்தை நிறுத்திவிட்டன. பக்கத்து வீட்டுக் கோழிகளும்தான். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பொருக்கை நீக்கி அழுத்த, காய்ந்த பட்டாணி போல ஒரு கெட்டி உருண்டை வெளியே வந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். காயத்தை மருந்தால் கழுவி, களிம்பு தடவி, வெள்ளைத் துணியால் கட்டுப் போட்டார்.

"செத்துருச்சாக்கா?" என்று சுமதி கேட்டாள். அவளும் காதோடு காதாகத்தான் கேட்டாள்.

அக்கா துணியை எடுத்தார். கோழி எழுந்து, உதறிக்கொண்டு, எங்களைத் திட்டிவிட்டுப் போனது. கண்ணை மறைத்தால் கோழி அசையாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விஷயத்தை அவ்வளவோடு விடவில்லை. மறுநாள் டீக்கடையில், செத்த கோழியை எழுப்பிவிட்டார் என்று பேச்சு. அதற்கு மறுநாள் கோழி குழம்பிலிருந்து எழுந்து வந்ததாகவே ஒருவர் சொன்னார்.

அந்தக் காகித மடிப்புகளை அக்கா காலி மனையில் குழி தோண்டி, மேலே சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைப்பார். சீழ் மனிதர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் கையுறை, அதனால்தான் குழி. ஒருநாள் தெருநாய் அந்த இடத்தைக் கிளறி, மஞ்சள் கறை படிந்த துணி, ரத்தம், இறகு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் முச்சந்தியில் பரப்பி வைத்துவிட்டது. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு வாரம் குழந்தைகளை அந்த வழியாக யாரும் ஸ்கூலுக்கு அனுப்பவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. எனக்கு அந்த விடிகாலை நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கொல்லைப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அந்தப் பக்கம் யாருமே கூவலீங்கண்ணா" என்றார்.

கவனித்தேன். ஹைவேயில் லாரி போகும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ஒரு தெரு முழுக்க ஒரு சேவல்கூடக் கூவாத விடியலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மருந்து இருக்கிறதா என்றேன். "வந்த பின்னாடி ஒண்ணும் இல்லீங்கண்ணா. முன்னாடியே தடுப்பு மருந்து உட்டிருக்கணும்" என்றார். எங்கள் தெருக் கோழிகளுக்கு அவர் ஏற்கெனவே கண்ணில் சொட்டு விட்டிருந்தார்.

அந்தத் தெருவில் பிழைத்தது ஒரே ஒரு கறுப்புக் கோழி. பிழைத்தது, ஆனால் கழுத்து திருகிக்கொண்டுவிட்டது. முகம் வானத்தைப் பார்க்கும், கால் பின்னோக்கி நடக்கும். அக்கா அதை வீட்டில் தனியாக வைத்து, மடியில் போட்டு, சத்து மருந்தும் கஞ்சியும் புகட்டிவந்தார்.

அக்கா குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரி மாடியில் இருந்தார். கன்னடக்காரர், நாங்கள் ஓனரம்மா என்போம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசலில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது, புகைக்குள்ளிருந்து அந்தக் கறுப்புக் கோழி வானத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து அவரை நோக்கி வந்தது. சாம்பிராணிக் கரண்டி ஒரு பக்கம், ஓனரம்மா ஒரு பக்கம் விழுந்தார்கள்.

"இந்த மாசத்தோட காலி பண்ணு. பேடா, எனக்கு இந்தச் சகவாசமே பேடா" என்று மாடியிலிருந்து அறிவித்தார். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். அக்கா தலையாட்டிவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஓனரம்மாவின் சேவல் நொண்டியது.

அது சாதாரணச் சேவல் இல்லை. அவர் மகன் ஹைவேயில் பைக்கோடு விழுந்து பிழைத்தபோது, மாரியம்மனுக்குப் பலி கொடுப்பதாக நேர்ந்து விட்டது. பண்டிகைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊனமான சேவலை அம்மன் ஏற்கமாட்டாள். ஓனரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, கீழ்வீட்டுக்காரி செய்வினை வைத்துவிட்டாள். ஆனால் தினமும் ராகி உருண்டை போட்டு அதைப் பூசணிக்காய் மாதிரி வளர்த்ததும், அது தண்ணீர்த் தொட்டி மேலிருந்து சிமென்ட் தரையில் பொத்தென்று குதிப்பதும் தெருவுக்கே தெரியும்.

கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஊசி போட்டு, தினமும் காயத்தைக் கழுவிக் கட்டு மாற்றச் சொன்னார். அந்தச் சேவலைப் பிடித்த மகனுக்கே கட்டுப் போட வேண்டியதாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஓனரம்மா கீழே இறங்கி வந்தார். வந்தவர் அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பண்டிகைக்குள்ள ஆறிருமா?"

"பாக்கலாங்கம்மா" என்றார் அக்கா.

பண்டிகை வந்தது. சேவல் வெள்ளைக் கட்டோடு நின்றது. "இன்னும் ஆறலீங்கம்மா" என்றார் அக்கா. நேர்த்திக்கடன் தள்ளிப்போனது. அடுத்த விசேஷம் வந்தது. கட்டு இருந்தது, ஆறவில்லை. தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. அம்மன் குத்தம் ஆகும், அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆனால் நீலக்கைதான் பதில் சொல்லவேண்டும் என்றார்கள். ஓனரம்மாவின் மகனுக்குச் சாதாரண ஜுரம் வந்த அன்று நாலு பேர் அக்கா வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அக்கா கதவைத் திறந்து வைத்தபடி கறுப்புக் கோழிக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பனிக்காலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது, படிக்கட்டுக்குக் கீழே அக்கா சேவலை மடியில் வைத்துப் பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பாதம் சுத்தமாக இருந்தது. வீக்கம் இல்லை, பொருக்கு இல்லை. ஆறி ரொம்ப நாள் ஆகியிருக்கவேண்டும்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் படியில் ஓனரம்மா நிற்பதைக் கவனித்தேன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. சேவலின் பாதத்தை அவரும் நன்றாகப் பார்த்துவிட்டார்.

"இன்னும் ஆறலியா?" என்றார் ஓனரம்மா.

"இல்லீங்கம்மா" என்றார் அக்கா.

ஓனரம்மா கீழே இறங்கி வந்தார். சேவலின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். முந்தானையிலிருந்து ஒரு ராகி உருண்டையை எடுத்து அதற்கு ஊட்டினார்.

"நல்லா இறுக்கிக் கட்டு" என்றார். "அவுந்துறப் போவுது."

வீட்டைக் காலி பண்ணும் பேச்சு அதன்பிறகு எழவில்லை. போன வருஷம் அக்காவே வேலையை விட்டுவிட்டு, அஞ்செட்டிப் பக்கம் தம்பி ஊருக்குப் போனார். கழுத்து முக்கால்வாசி நேராகிவிட்ட கறுப்புக் கோழி கூடையில் கூடவே போனது. எனக்கு அப்போது இருந்த விடாத இருமலைத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். சேவலுக்குக் கட்டை இப்போது ஓனரம்மாவே மாற்றுகிறார்.

சென்ற வாரம் சுமதிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. மலைப்பக்கம் சிக்னல் சரியில்லை, அவர் குரலும் அப்படி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். செவலையின் கால், புள்ளிக்கோழியின் செரிமானம், குஞ்சுகளின் சொட்டு மருந்து என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடித்தார். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணனுக்கு அந்த இருமல் நின்னுச்சா?" என்றது குரல்.

நின்றுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனசு வரவில்லை. கொஞ்சம் இருமிக் காட்டினேன்.