மைச்சாமியின் தவளை

ஜப்பானில் எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று மாதம் மனதார நம்பியவன் நான். அந்த மூன்று மாதமும் வீட்டுக்குள்ளேயே சலவைச் சட்டையோடு திரிந்தேன்.

எல்லாம் மைச்சாமியால் வந்தது. திருவண்ணாமலையில் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் எல்லோருமே சாமிதான். ஆனால் ஒரு நாள்கூடக் கண்ணை மூடி உட்காராமல் அந்தப் பட்டத்தை வாங்கியவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறைக்குக் குடிவந்த ஜப்பானியப் படக்கதை ஓவியர். பத்து விரலிலும் எப்போதும் மை. பெயர் வைத்தது டீக்கடை அக்கா.

வரைந்த பக்கங்களை மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். ஒருமுறை குரங்கு ஒரு பக்கத்தை உருவிக்கொண்டு ஓடியது. துரத்துவார் என்று பார்த்தால், உட்கார்ந்து குரங்கு ஓடுவதை வரைகிறார்!

"அந்தப் பக்கத்துல கதாநாயகி இருந்தா சார். இப்ப குரங்கு கடத்திட்டுப் போச்சு. அடுத்த வாரம் இதான் கதை."

அவர் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. அவருடைய தொடர் வெளிவரும் பத்திரிகையில், எந்தத் தொடர் பிடித்தது என்று வாசகர்கள் வாராவாரம் ஓட்டுப் போடுவார்களாம். ஓட்டு குறைந்தால் தொடரை நிறுத்திவிடுவார்கள். (நம் பத்திரிகையில் அந்த ஏற்பாடு இல்லாததால்தான் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.)

ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க, லுங்கியும் பனியனுமாக மாடிக்குப் போனேன். மனிதர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஓட்டு ரொம்ப கம்மி சார். இன்னும் நாலு வாரம். அப்புறம் குளோஸ்."

விடுவேனா? தொட்டி வழிந்தோட, வாசகர்களைக் கவர்வது எப்படி என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். மறுநாளும் விளக்கினேன். அதற்கு மறுநாளும். அவர் தலையாட்டியபடி வரைந்துகொண்டே கேட்டார். மூன்றாவது வாரம் படியிறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டு ஜாஸ்தி சார்! எல்லாம் உங்களாலதான்!"

அடக்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

அதன்பிறகுதான் ஜப்பானியர்கள் எங்கள் கேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு, கும்பிடு, செல்ஃபி. எல்லோருக்கும் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு பெண் மட்டும் என் சட்டையைப் பார்த்து ஏமாந்து, 'லுங்கி எங்கே?' என்று சைகையில் கேட்டாள். கையிலிருந்த புத்தகத்தையும் விரித்துக் காட்டினாள்.

எங்கள் மொட்டை மாடி, பின்னால் மலை. தண்ணீர்த் தொட்டி மேல் லுங்கியும் முண்டா பனியனுமாக, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஒரு கொழுத்த தவளை விரலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது. கீழே கதாநாயகன், வில்லன், குரங்கு எல்லோரும் குறட்டை.

மாடிக்குப் பாய்ந்தேன். "என்னங்க இது?"

மைச்சாமி எழுந்து இடுப்புவரை வளைந்தார். "தப்புதான் சார். அடுத்த வாரம் தவளை செத்துடும்."

பேனாவை எடுத்தார். தவளை செத்தால் தொடரும் செத்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"கொல்லாதீங்க," என்றேன். "தொப்பைய மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"முடியாது சார். ஓட்டே தொப்பைக்குத்தான்."

போன வருஷம் ஊர் திரும்பிவிட்டார். தவளை நன்றாக இருக்கிறது. புதுப் புத்தகம் வந்தால் தபாலில் அனுப்புகிறார். மாடியறைச் சுவரெல்லாம் அவர் விரல் மை. வெள்ளையடிக்க வந்தவரிடம், அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "இருக்கட்டும் விடுங்க. ஜப்பான்லயாவது நீங்க பேசறத நாலு பேரு தூங்காம படிக்கிறாங்களே!"