பந்தி முடியாத பள்ளத்தாக்கு

பழங்கால ஐரோப்பாவில், தன்யூப் நதிக்கரையில் இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் கெல்ட் மக்களுள் லவோன்னர் என்ற குலத்தார் வண்டிகளோடு வந்து இறங்கி மூன்று கோடை ஆகியிருந்தது. வந்ததும் முதல் காரியமாக வீடு கட்டினார்கள். அடுத்து, தங்களுக்கு முன்னால் அங்கே யாருமே இருந்ததில்லை என்று ஒரு பாட்டுக் கட்டினார்கள். முன்னால் இருந்தவர்கள் அந்தப் பாட்டை எதிர்மலையில் நின்று கேட்டதாகத் தகவல். கடைசியாக வாசல் ஒன்று கட்டி, இனிமேல் கண்டவர்களும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியையும் நியமித்தார்கள்.

அதிகாரியின் பெயர் கரந்தோஸ். தலைமயிரைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்து முள்ளம்பன்றி போல நிறுத்தி வைப்பது அந்தப் பதவிக்குரிய கோலம். வாசலை ஒட்டிய வீடும் பன்றிக் கொட்டிலும் பதவியோடு வந்தவை. மூன்று கோடைக்கு முன்பு வண்டிக்கு அச்சாணி அடித்துக்கொண்டிருந்த மனிதர்தான். இப்போதோ, வண்டிச் சத்தம் கேட்டாலே நாகரிகம் அழிந்துவருவதாக அவருக்குத் தோன்றியது.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, அந்தச் சத்தம் கேட்டது. கிழக்கே ஒரு வண்டிக் கூட்டம். முன்னால் நடந்து வந்தவள் பனோனா என்ற நடுவயதுப் பெண். அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

"யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள்?" என்ற கேள்வி கரந்தோஸின் தொண்டை வரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. காரணம், கெல்ட் மக்களின் விருந்துச் சட்டம். வாசலுக்கு வந்தவருக்கு முதலில் உணவு. அவர் வாயால் "போதும்" என்று சொன்ன பிறகே கேள்வி. அதுவரை வீட்டுக்காரர் ஒவ்வொரு பந்தியிலும் கூட உட்கார்ந்து உண்ண வேண்டும். இதை மீறியவனை மூதாதையர் மறுவுலகத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"வாங்க, சாப்பிடுங்க" என்றார் கரந்தோஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாப்பிட்டார்கள். மறுநாளும் சாப்பிட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவர் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார்.

"என்னம்மா, போதுமா?"

"இப்பத்தானே தம்பி உக்காந்தோம். தூரத்துலேர்ந்து கொண்டுவந்த பசி. சட்டுனு அடங்குமா?" என்றாள் பனோனா. "நீங்க சரியாவே சாப்பிடலையே. அந்தத் தொடைக்கறியைத் தம்பி பக்கம் தள்ளுங்கப்பா."

மழைக்காலம் வந்தது. வந்தவர்கள் மரம் வெட்டினார்கள், மண்சுவர் எழுப்பினார்கள், கூரை வேய்ந்தார்கள்.

"இதென்ன, வீடு மாதிரி இருக்கு?"

"வீடா? பந்திக்குப் பந்தல் தம்பி. நனைஞ்சுக்கிட்டா சாப்பிட முடியும்?"

"பந்தலுக்குக் கதவு எதுக்கு?"

"சாப்பிடறப்ப கண்ணு பட்டுடக் கூடாதுல்ல."

கரந்தோஸ் யோசித்தார். சட்டத்தில் பந்தலுக்குக் கதவு கூடாது என்று எங்கும் இல்லை. பனி உருகியதும் அவர்கள் ஏர் பூட்டினார்கள். கரந்தோஸ் வரப்பிலேயே மறித்து நின்றார்.

"உழறீங்க. இது குடியேற்றம்."

"பார்லி பீர் தீர்ந்துபோச்சு தம்பி. அடுத்த குவளைக்கு ஏற்பாடு பண்றோம். உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"

மேற்படி விருந்தில், இறைச்சிக்கும் பாலாடைக்கும் நடுவில் இரண்டு கல்யாணங்கள் நடந்தன. மணப்பெண்களில் ஒருத்தி, பந்தி முடிவதற்குள்ளேயே பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். உள்ளூர் இளைஞர்களோ பகலெல்லாம் வாசலில் நின்று, "வந்தேறிகளே, திரும்பிப் போங்க" என்று முழங்கிவிட்டு, அந்தி சாய்ந்ததும் வந்தேறிகளின் தறிக்குப் போய், அவர்கள் உடுத்தும் சிவப்புக் கட்டம் போட்ட காற்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தக் கட்டம் இல்லாமல் முழங்கினால் எடுபடவில்லையாம்.

மறுபடியும் இலையுதிர் காலம் நெருங்கியது. குலத் தலைவர் கரந்தோஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"இடுப்புவார்த் திருநாள் வருது. அதுக்குள்ள அவங்க போகணும். இல்லைன்னா நீ போகணும். வாசல், வீடு, பன்றி எல்லாத்தையும் வெச்சுட்டு."

"நீங்களே ஒரு வார்த்தை கேட்டுடலாமே, தலைவரே?"

"நான் கேட்டா பாவம் எனக்கு வந்து சேருமே."

கரந்தோஸ் குலத்தின் பூசாரியான ட்ரூயிடிடம் ஓடினார். சட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் அந்தப் பெரியவர். எழுதி வைத்தால் சட்டத்தின் மேன்மை குறைந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. மனப்பாடத்தில் ஒரே ஒரு சங்கடம்: நடுவில் நுழைய வழியில்லை. எந்தச் சந்தேகமானாலும் உலகம் தோன்றிய முதல் செய்யுளிலிருந்து சொல்லிக்கொண்டு வரவேண்டும். காலையில் தொடங்கினார். உச்சிவெயிலில் மாட்டுத் திருட்டுக்கு வந்துவிட்டார். அப்போது கரந்தோஸ் தும்மினார்.

"எங்க விட்டேன்?"

"மாட்டுத் திருட்டுலங்க, சாமி."

"அப்ப முதல்லேர்ந்துதான்" என்றார் ட்ரூயிட், கண்ணை மூடிக்கொண்டு.

பொழுது சாயும் நேரத்தில் வேண்டிய செய்யுள் கிடைத்தது. விருந்துக்கு முடிவு நாள் கிடையாது. ஆனால் அதற்கு அடுத்த செய்யுளைக் கேட்டதும் கரந்தோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'இந்த மண்ணில் உண்டவர் எவராயினும், திருநாளன்று குலத்தின் இடுப்புவார் அவர் இடுப்பைச் சுற்றி எட்ட வேண்டும். எட்டாதவர் மண்ணுக்குப் பாரம். அவர் எல்லைக்கு வெளியே.'

"உண்டவர் எவராயினும்னா விருந்தாளியும்தானே, சாமி?"

"எவராயினும்னா எவராயினும்தான்."

ஒரு வருஷம் விடாமல் தின்றவர்கள். ஒரு வார் அவர்களில் யாரைச் சுற்றி எட்டும்? திருநாள் வரை கரந்தோஸ் பந்தியில் இரட்டிப்பு உற்சாகத்தோடு பரிமாறினார். விருந்தாளி ஒரு கவளம் கூடுதலாக எடுக்கவேண்டும் என்பதற்காகத் தானும் ஒரு கவளம் கூடுதலாக எடுத்தார்.

திருநாளும் வந்தது. பனோனாவைச் சுற்றி வார் தாராளமாக எட்டி, மிச்சமும் தொங்கியது. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அப்படியே. மரம் வெட்டி, மண் சுமந்து, ஏர் உழுத உடம்புகள். கரந்தோஸ் வாரை இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். அது நியாயமான வார்தான்.

"கடைசியா வீட்டுக்காரர்" என்றார் ட்ரூயிட்.

ஒரு வருஷம் பந்தியை விட்டு எழாத ஒரே மனிதர் முன்னால் வந்து, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். வாரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தன. கிட்ட வரவில்லை.

"சட்டம்" என்று பெருமூச்சு விட்டார் தலைவர். பதவியில் ஆள் இல்லாமல் வாசல் இருக்கக் கூடாது என்பதால் அங்கேயே புது அதிகாரியும் நியமிக்கப்பட்டார். வாசலைப் பற்றி அனுபவம் உள்ளவர், இடுப்பு ஒல்லியானவர், ஒரு வருஷமாக உள்ளூர்க்காரர்: பனோனா.

கரந்தோஸ் மறுநாள் காலை ஒரு தள்ளுவண்டியோடு வாசலைத் தாண்டினார். தாண்டியதும் அவருக்குப் புத்தி தெளிந்தது. வெளியே இருப்பவர் யார்? விருந்தாளி. அப்படியே திரும்பி வந்து வாசலில் நின்றார். சுண்ணாம்பு தோய்த்த தலையோடு பனோனா எட்டிப் பார்த்தாள்.

"அடடே, வாங்க தம்பி. சாப்பிட்டுத்தான் மறுபேச்சு. உக்காருங்க, சமையல் ஆகிட்டிருக்கு."

கரந்தோஸ் புல்லில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. புகையைக் காணோம்.

"அடுப்பே பத்தவைக்கலையேம்மா?"

"சாப்பாடு போடணும்னுதான் சட்டம். எப்ப பத்தவைக்கணும்னு சொல்லலையாமே. உங்க காலத்துல நீங்கதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்க."

"எப்பதான் ஆகும்?"

"நீங்க அதைக் கேக்கலாமா கூடாதான்னு ட்ரூயிட் பாத்துக்கிட்டிருக்காரு. இப்பத்தான் உலகம் தோணியிருக்கு."

மாலையில் மேற்கே புழுதி கிளம்பியது. ஒற்றை வண்டி. களைத்த ஒருவன், மனைவி, இரண்டு மாடு. அவர்கள் வந்து கரந்தோஸுக்குப் பக்கத்துப் புல்லில் மூட்டையை இறக்கப் போனார்கள். கரந்தோஸ் எழுந்தார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. கையிலிருந்த குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"அந்தப் பக்கம். இது எங்க இடம்."

"உங்க இடமா?"

"எங்கிருந்தோ வந்து இறங்கிட்டுக் கேள்வி வேற கேக்கறியா? நாங்க தொன்றுதொட்டு இங்கயே உக்காந்திருக்கறவங்க."

"எப்பலேர்ந்துண்ணே?"

"காலையிலேர்ந்து" என்றார் கரந்தோஸ்.

அவன் மரியாதையோடு மாட்டைப் பிடித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தான். நகர்ந்ததும் முதல் வேலையாக, தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியைத் தேட ஆரம்பித்தான்.