சோதனைக் குழாயில் ஒரு பச்சை

"பச்சை!" என்று சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினார் கம்பவுண்டர் ராஜவேலு. "மூத்திரத்த வுட்டுக் கொதிக்க வெச்சும் இந்த மருந்து நீலமாவே நின்னா சர்க்கரை இல்ல. பச்சைன்னா வாசப்படியில நிக்குது. இப்பவே தினம் நடங்க, இனிப்ப வுடுங்க, திரும்பிப் பூடும். செங்கல் செவப்பாச்சின்னா ஆயுசுக்கும் ஊசிதான்."

முனிரத்தினத்தின் காதில் ஒன்றும் ஏறவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டே தலை நரைத்தவர். இப்படியொரு பச்சையைக் கண்டதில்லை. மழை விட்ட காலையில் வெயில் பட்ட வாழைக் குருத்து! அந்தக் குழாய்க்குள்ளேயே குடிபோய்விடலாம் போலிருந்தது.

"கேட்டுக்கினீங்களா?" என்று உலுக்கினாள் மனைவி கங்கையம்மாள். சர்க்கரை வியாதியில் மாமனாரின் கால் போனதைக் கூடவே இருந்து பார்த்தவள். இன்று கணவரின் மூத்திரப் புட்டியை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

மறுநாள் முதல் கேழ்வரகுக் களி. சாயங்காலம் செவிலிமேடு வரை நடை. மறுபேச்சில்லாமல் நடந்தார் மனுஷன், கண்ணைத் திறந்துகொண்டே கனவில். வயலிலும் அந்தப் பச்சை இல்லை, கிளியிலும் இல்லை. சாயத் தொட்டியில் கலந்து பார்த்ததில் ஒரு கல்யாணப் புடவைக்கான நூல் பாசி நிறத்தில் பாழானதுதான் மிச்சம்.

இன்னொரு தடவை பார்த்தால் பிடித்துவிடலாம். தானே புட்டியோடு போனார். குழாய் நீலமாகவே நின்றது.

"சந்தோசப்படுங்க ஐயா!"

"பச்சை வரலியேப்பா" என்றார் அழாத குறையாக.

செவிலிமேட்டில் ஒரு ஜாங்கிரிக் கடை இருந்தது. முதலில் ஒன்று தின்றார். நீலம் அசையவில்லை. நூலில் நிறம் ஏறவில்லையென்றால் சாயத்தைக் கூட்டுவதுதானே தொழில்? தட்டுத் தட்டாகக் கூட்டினார்.

"எவ்ளோ நேரம் நடக்கறாரு பாரேன்!" என்று பூரித்துப்போய்க் காமாட்சி சந்நிதியில் விளக்கேற்றினாள் கங்கையம்மாள்.

தீபாவளி கழிந்து இருவருமாகப் போனார்கள். ஸ்பிரிட் விளக்கின் மேல் குழாய் கொதித்தது. நீலம் மெல்லப் பச்சையாகியது.

"நிறுத்துப்பா, அங்கியே நிறுத்து!"

அது நிற்கவில்லை. மஞ்சளைத் தாண்டி, செங்கல் சிவப்பில் போய் உட்கார்ந்தது. ராஜவேலு விளக்கை அணைத்தார்.

"இதுல வந்த பச்சைகூட அது இல்லியே. அன்னிக்கி வந்ததே, அது எங்கப்பா?" என்று ஏங்கிப்போய்க் கேட்டார் முனிரத்தினம்.

கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நீங்க பயந்து நடக்கணும்னு நான்தாங்க அன்னிக்கி புட்டியில ஒரு சிட்டிகை மஞ்ச சாயத்தப் போட்டேன். இந்தச் செவப்புதான் உங்களுது!"