ஒரு ஜுரத்துக்கு எவ்வளவு தூரம்?

புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் கொம்யூனில் இதுவரை ஒருவர்கூட நோய் வந்து செத்ததில்லை, ஆஸ்பத்திரியில் காத்திருந்து காத்திருந்துதான் செத்தார்கள் என்று மனப்பூர்வமாக நம்பிய மனிதர் எங்கள் அம்புக்குறி.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் மாற்றலாகி வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். வேலை வார்டு பாய். அந்த வயதில் ஒருவரை ‘பாய்’ என்று கூப்பிட அரசாங்கத்தால் மட்டும்தான் முடியும். இளமையில் பாண்டி பீச் பக்கம் ஒரு ஓட்டலில் ரூம் பாயாக இருந்தாராம். ரூம் போய் வார்டு வந்ததே தவிர, பாய் அப்படியே தங்கிவிட்டது.

ஓட்டல் பழக்கமும் தங்கிவிட்டது. முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு, வாந்தி பேதியோடு வந்த குடும்பத்தைப் பார்த்து, “வாங்க வாங்க, எத்தன பேரு?” என்றார். அவர்கள் பயந்துபோய் நாலு பேர் என்றார்கள். ஃபேனுக்குக் கீழே நாலு இடம் பார்த்து உட்காரவைத்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குடும்பத்துத் தலைவர் என் ஜன்னலுக்கு வந்து, “இன்னாம்மா, இது தனியார் ஆஸ்பத்திரி ஆயிட்சா?” என்று கவலையோடு விசாரித்தார். நான் அங்கே மருந்து கொடுப்பவள். அப்போதே பதினாறு வருஷமாக அதே ஜன்னல்.

எங்களிடம் இருந்தது மொத்தம் ஆறு கட்டில். அவற்றின் விரிப்புகளை மூலை மடித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டுவார். நோயாளி உள்ளே நுழைய முடியாதபடி அது இறுக்கமாக இருக்கும். வெள்ளைத் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கால்மாட்டில் வைப்பார். ஒரு நாள் பனித்திட்டுக் கடற்கரைக் கிராமத்திலிருந்து, வெயிலில் மயங்கி விழுந்த மீனவர் ஒருவரைத் தூக்கிவந்தார்கள். குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்தவர், காலடியில் வெள்ளை அன்னம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். பிறகு மெதுவாகப் பக்கத்தில் இருந்த நர்ஸ் ஸ்டெல்லாவிடம், தன் பெண்டாட்டிக்குத் தகவல் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டார்.

இதெல்லாம் வெறும் ஆரம்பம். வந்த இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை அம்புக்குறி ஒரு பெரிய சணல் கயிற்று உருண்டையோடு வந்தார். கயிற்றின் நுனியைச் சீட்டு போடும் கவுண்டரின் கம்பியில் கட்டினார். உருண்டையை அஞ்சலை அக்காவிடம் கொடுத்தார். அஞ்சலை அக்கா வயல் வேலை செய்பவர். அறுபதை நெருங்கும் வயது, பல வருஷச் சர்க்கரை, எங்கள் ஆஸ்பத்திரியின் நிரந்தர உறுப்பினர். அன்று ஜுரத்துக்காக வந்திருந்தார். “அக்கா, நீ எப்பவும் எங்க எங்க போவியோ அங்கல்லாம் போ. இத மட்டும் வுட்டுக்கினே போ” என்றார் அம்புக்குறி.

அக்கா கேள்வி கேட்காமல் போனார். சீட்டு கவுண்டரிலிருந்து டாக்டர் அறை. அங்கிருந்து பின்பக்கம் ரத்தப் பரிசோதனை. சீட்டில் முத்திரை இல்லை என்று மறுபடி கவுண்டர். மறுபடி பரிசோதனை. மறுபடி டாக்டர். ஊசி போடும் அறை. கடைசியில் நான். அவர் என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரி முழுக்கச் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஊசித் தட்டோடு வந்த ஸ்டெல்லா ஒரு தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். என்ன சத்தம் என்று பார்க்கக் கதவைத் திறந்த டாக்டரம்மா, கணுக்காலளவுக் கயிற்றில் தடுக்கி, ஒரு செருப்பை உள்ளேயும் இன்னொன்றை வெளியேயும் விட்டார்.

டாக்டரம்மா கண்டிப்பானவர். கெட்டிக்காரர். நூறு பேரைப் பார்த்தாலும் நூறாவது ஆளின் நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்ப்பார். ஆனால் கயிறு அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றே அம்புக்குறியிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது.

அம்புக்குறி விளக்கத்தை எழுதித் தரவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாலைக்குப் போய், ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து நேராக நீட்டினார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, சைக்கிள் கடை வரைக்கும் போய்க் கயிறு முடிந்தது. அங்கேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாத்துக்க மருந்தம்மா. ஒரு ஜுரத்துக்கு இவ்ளோ தூரம். ஜுரம் இல்லாத எனக்கே மூச்சு வாங்குது.”

அதற்குப் பிறகுதான் அம்புகள் வந்தன. பனித்திட்டில் படகுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்டைக் கேட்டு வாங்கிவந்தார். அன்னத்தைக் கும்பிட்ட மீனவரின் உபயம் அது. சர்க்கரைக்காரர்களுக்கு நீலம், ஊசிக்குச் சிவப்பு, டாக்டருக்கு மஞ்சள் என்று தரையிலும் சுவரிலும் அம்பாக வரைந்து தள்ளினார். படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்து நடக்கலாம். ரத்தப் பரிசோதனை மேஜையைப் பின்பக்கத்திலிருந்து இழுத்துவந்து வாசலருகே போட்டார். வெறும் வயிற்றோடு வரும் சர்க்கரைக்காரர்கள் பொது வரிசையில் நிற்க வேண்டாம், வந்தவுடன் ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்ச் சாப்பிடட்டும், சீட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டார். பரிசோதனை அறைப் பெண்ணை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று தெரியவில்லை. நாலு நாள் கெஞ்சியதாகக் கேள்வி.

புது முறையில் விபத்துகளும் இருந்தன. நீல அம்பு காயும் முன்பே ஒரு பெரியவர் அதன் மேல் நடந்துவிட்டார். வழியெல்லாம் நீலக் காலடி பதித்தபடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் சிறுநீர்ப் புட்டியோடு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். அம்புக்குறி இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “பாத்தியா, அம்பு வேல செய்யுது” என்றார்.

உண்மையாகவே வேலை செய்தது. பதினொன்றரை மணிக்கு என் ஜன்னலில் முட்டிமோதும் கூட்டம் பத்தரைக்கே கரைய ஆரம்பித்தது. எனக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் முறையாக ஒருவரிடம், இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடணும், இது பின்னால் என்று நிதானமாகச் சொல்ல நேரம் கிடைத்தது. டாக்டரம்மா மட்டும் அம்புகளைப் பார்க்காத மாதிரியே தாண்டிப் போவார். செருப்பை மறக்கவில்லை போலும்.

அப்போதுதான் பாண்டியிலிருந்து ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். உள்ளே நுழைந்தவர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற அம்புக்குறியிடம் ஆபீஸ் அறை எங்கே என்று கேட்டார்.

“சார், ஆபீசருங்களுக்கு அம்பு போடலயே” என்றார் அம்புக்குறி, நிஜமான வருத்தத்தோடு. “ஒங்களுக்கு வழி தெரியும்னு இருந்துட்டேன்.”

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. அனுமதி இல்லாமல் அரசுக் கட்டடத்தில் வண்ணம் பூசியது தவறு. உடனே வெள்ளையடிக்க வேண்டும். பரிசோதனை மேஜை பழைய இடத்துக்குப் போக வேண்டும். சம்பந்தப்பட்ட ஊழியர் மாஹேக்கு மாற்றப்படுகிறார். மாஹே எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். கேரளத்துக்கு நடுவே, அந்தக் கடலோரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊழியர்கள் குழந்தைகளைப் பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துவதில்லை, மாஹே என்றாலே போதும்.

அம்புக்குறியின் மனைவிக்கு மூட்டுவலி. தனியாக விட்டுவிட்டும் போக முடியாது, அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டும் போக முடியாது. அதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை. மாஹே ஆஸ்பத்திரியில் எத்தனை கவுண்டர் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவரே வாளி தூக்கிக் கொடுத்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன், பார்க்கப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆனது. ஒரே வரிசை, வாசல் தாண்டி வேப்பமரம் வரைக்கும். அதில் அஞ்சலை அக்காவும் நின்றார். அன்று அவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை நாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பழக்கதோஷத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் நின்றதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்துக் கொட்டி, அப்படியே சரிந்தார்.

நான் ஜன்னலிலிருந்து கத்துவதற்குள் அம்புக்குறி அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். தன் டீயில் சர்க்கரையைக் கொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக அக்காவுக்குப் புகட்டினார். டாக்டரம்மா ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார், குளுக்கோஸ் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்து, எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துவிட்டேனே என்று அழுதார்.

அம்புக்குறி சட்டையெல்லாம் டீயோடு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். அம்புக்குறியின் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

“மேடம், ஓட்டல்ல ஒரு வெள்ளக்காரரு காபிக்கு அஞ்சு நிமிஷம் காத்துருந்தா மேனேஜரு ஓடியாந்து மன்னிப்பு கேப்பாரு. இந்த அக்கா பட்டினியா ஒன்றர மணி நேரம் நின்னுது. இன்னான்னு கேக்க ஆளு இல்ல. நான் மாஹே போறேன், பரவால்ல. இவங்கள மட்டும் மொதல்ல பாத்து அனுப்பிடுங்க.”

டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் வந்தபோது, கூட்டத்துக்கு நடுவே பெஞ்சில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை, ஸ்டெதஸ்கோப் இல்லை, சாதாரணச் சேலை. ஒன்பது மணிக்கு வருபவர் அவர். ஒன்பதுக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு வாய்ப்பே இருந்ததில்லை. பக்கத்தில் மீன்கார அம்மா ஒருவர், “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, காலு மரத்துப் போச்சி” என்றார். டாக்டரம்மா தள்ளி உட்கார்ந்தார். ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை. அம்புக்குறி வழக்கம்போல எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தவர், அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். யார் என்று தெரிந்துதான் நீட்டினார். டாக்டரம்மா குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்பதே காலுக்கு டாக்டரம்மா என்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டு, பரிசோதனை மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு பக்கத்தை அவரே பிடித்தார். மேஜை வாசலுக்கு வந்தது. மதியம் உட்கார்ந்து மேலிடத்துக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினார். இவரை இங்கிருந்து அனுப்ப மாட்டேன், எனக்கு இவர் தேவை என்று அதில் இருந்ததாக அந்தக் கடிதத்தை டைப் செய்தவர் சொன்னார். பதில் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அம்புக்குறி பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார். கடைசியில் மாற்றல் ரத்து என்று ஒற்றை வரியில் வந்தது.

அம்புகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது தேவைப்படவும் இல்லை. படகுக்கு அடிக்கும் பெயின்ட் அது, கடலுக்கே கரையாதது. ஐப்பசி மழையில் சாரல் அடித்துச் சுண்ணாம்பு மட்டும் வழிந்து போக, நீலமும் சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, மழைக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது என்றார்.

போன வருஷம் அம்புக்குறி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது மாதம் ஒரு தடவை ரத்த அழுத்த மாத்திரைக்காக வருகிறார். மஞ்சள் அம்பில் நடந்து டாக்டரைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும்தான் என் ஜன்னலுக்கு வருவார். மனைவியின் மூட்டுவலி, மழை, வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், எல்லாம் பேசுவார். அவருக்குக் கொடுக்க வேண்டியது மூன்று அட்டை. அதில் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஆனாலும் நான் எண்ணுகிறேன், ஒரு முறைக்கு இரண்டு முறையாக, மெதுவாக.